அக்கா வீட்டு வெள்ளைக் குட்டிகள்

அக்கா வீட்டில் பாத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. முழுப்பரீட்சை லீவுக்கு நானும் அம்மாவும் வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தபோது நான் முதலில் கவனித்தது அதைத்தான். காலையில் ஒரு டம்ளர் விழும். பதினோரு மணிவாக்கில் கரண்டி. மத்தியானம் தட்டு. விழுந்ததை அக்கா உடனே எடுக்கமாட்டாள். அடுக்களை வாசலுக்கு வந்து நின்று, கூடத்தில் கிடக்கும் தொட்டிலை எட்டிப் பார்ப்பாள். பிள்ளை முழித்துவிட்டதோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொள்வேன். பிள்ளை முழித்திருக்காது. அக்கா திரும்பிப் போய் விழுந்ததை மெதுவாக எடுத்து வைப்பாள்.

அம்மாவுக்கு இது நல்லதாகப் படவில்லை. இந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்று என் காதோடு சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து அடுக்களை நிலையில் கட்டினாள். மறுநாளும் தட்டு விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பட்டப்பகலிலேயே அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்கப் போக நடுக்கமாக இருந்தது.

பிள்ளை விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் பெருமை தாங்காது. வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. “பஸ் ஆரனுக்குக்கூட அசையாம தூங்குது, தங்கம்லா” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா சொல்வாள். பத்து மாதத்தில் அவ்வளவு சமத்தான பிள்ளையை நானும் பார்த்ததில்லை.

அக்காவை எங்கள் அம்மாவின் தம்பிக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பதில் எங்கள் குடும்பம் ரொம்பக் கறார். மாமா வளர்த்த நாய்களும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான். ராஜபாளையம் நாய்கள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. உடம்பில் ஒரு பொட்டு நிறம் கலந்தாலும் மாமாவுக்குச் சோறு இறங்காது. அதனால் பெட்டையை அதோடு பிறந்த கடுவனோடேயே சேர்த்துவந்தார்.

அந்தத் தடவை பெட்டை அவரை ஏமாற்றிவிட்டது. கட்டை அறுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் தெருவில் சுற்றிவிட்டு வந்தது. ஆறு குட்டிகள் போட்டதில் ஐந்து வெள்ளை, ஒன்று செவலை. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள் இருக்கலாம் என்று எனக்கு யார் சொல்வார்கள்? மாமா செவலையைக் கலப்படம் என்றார். அதன் பக்கம் திரும்பவே மாட்டார். நான் கூப்பிட்டால் ஓடி வருவது அது மட்டும்தான்.

ஒருநாள் காலை குட்டிகள் கூடத்தில் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தன. பிள்ளை தரையில் உட்கார்ந்து பொம்மையைத் தட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. தரை அதிர்ந்தது. வெள்ளைக் குட்டிகளில் மூன்றும் பிள்ளையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தன. நான்கு முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. லாரி போனதும் நான்கும் ஒன்றாகக் குனிந்துகொண்டன. ஏன் என்று தெரியாமலே ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றே குட்டி வாங்கத் திசையன்விளையிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். முருங்கைத் தோட்டக் காவலுக்கு நாய் வேண்டுமாம். வந்தவர் குட்டியின் பல்லையோ வாலையோ பார்க்கவில்லை. ஒரு தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கி, தூங்கும் குட்டிகளுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தார். செவலை துள்ளி எழுந்து குரைத்தது. இரண்டு வெள்ளைகள் தலையைத் தூக்கின. காலையில் லாரிக்குத் தலை தூக்கிய மற்ற மூன்றும் வயிறு ஏறி இறங்க அப்படியே தூங்கின.

தூக்கக் கலக்கம் என்று மாமா சமாளித்துப் பார்த்தார்.

“கேக்கல வே” என்றார் அண்ணாச்சி. “ஒரே ரத்தத்துக்குள்ளயே கொடுத்து எடுத்தா இப்படித்தான். வெள்ளை நல்லா விழும், காது போயிரும். வெளிக் கடுவன் சேத்திருக்கணும்.”

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் காதுக்குள்ளும் இருந்தால்தான் நாய்க்கு ஓசை கேட்கும் என்பதைப் பின்னாளில் விலங்கியல் வகுப்பில் படித்தேன். தாய் தகப்பனிடம் ஒளிந்திருக்கும் ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் பிள்ளையிடம் வெளிப்படும் என்றும், அந்நிய ரத்தம் வந்தால் பெரும்பாலும் மறைந்தே கிடக்கும் என்றும் படித்தேன். அன்று எனக்கு அந்தத் தட்டு ஒரு நல்ல விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் போய் அடித்தேன். பிள்ளை பொம்மையைத் தட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் பலமாக அடித்தேன். செவலைதான் குரைத்தது. பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று அதட்ட வந்த மாமா, பாதியில் நிறுத்திவிட்டார். பிள்ளை பயப்படவே இல்லை. அடுக்களை வாசலில் அக்கா நின்றிருந்தாள். முதுகில் ஒன்று விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“இன்னொரு தரம் அடிட்டி” என்றாள் அக்கா. “மாமா பாக்கட்டும்.”

அடித்தேன். கை வலிக்கிற அளவுக்கு அடித்தேன். பிள்ளை திரும்பவில்லை. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திசையன்விளை அண்ணாச்சி செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

என்னை மாமாவின் தம்பிக்கு, சின்ன மாமாவுக்குத்தான் கட்டிவைப்பது என்று அதுவரை எல்லோரும் கேலி செய்வார்கள். அதற்கப்புறம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அன்றோடு அக்கா வீட்டில் பாத்திரம் விழுவது நின்றது. எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்றாள் அம்மா. நானும் அப்படியே நம்பினேன்.

என்னை அந்நியத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மகன் பிறந்த நாலாவது மாதம், ஒரு மத்தியானம் அவன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா பிள்ளை தூங்கியது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த டம்ளரை வேண்டுமென்றே தரையில் போட்டுவிட்டுத் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். அவன் தூக்கிவாரிப்போட்டு வீறிட்டான். வாரி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு நானும் அழுதேன். அக்கா இந்த ஒரு அழுகையைக் கேட்கத்தான் அத்தனை பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.