கரியால் எழுதிய நான்கு பெயர்கள்

காலை ஏழு இருபது. மலைமேல் கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது, எஸ்டேட்டின் காப்பிக்கொட்டை சேமித்த பழைய ஸ்டோரின் வெள்ளைச் சுவர். முந்தைய வாரம் பார்த்தபோது அது பாசி பிடித்துக் கறுத்திருந்தது.

1942 யுத்த காலத்தில், ஆகஸ்ட் போராட்டத்தின்போது, தந்திக் கம்பியை அறுத்துவிட்டு மலையேறிய மூன்று பேர் இந்த ஸ்டோரில் ஒளிந்திருந்தார்கள். உள்சுவரில் கரியால் தங்கள் பெயர்களை எழுதினார்கள். கீழே, கஞ்சி கொண்டுவந்து கொடுத்த எஸ்டேட் தொழிலாளியின் பெயரையும் சேர்த்தார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. அவருடைய மகளுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. அப்பாவின் பெயரை நாலு பேர் பார்க்கும்படி எழுதியிருப்பது அங்கே மட்டும்தான் என்பார். ஸ்டோரை இடித்துக் காட்டேஜ் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நினைவிடமாகக் காப்பாற்றக் கேட்டு மனு எழுதியது நான். அன்றுதான் மனுவை விசாரிக்கும் அதிகாரி நேரில் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் எஸ்டேட் மேஸ்திரிக்கு போன் செய்து, இடத்தைச் சுத்தமாக வைக்கச் சொன்னதும் நான்தான்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. "ரெண்டு கோட்டுங்க. எந்தத் தொர வந்தாலும் நாங்க வெள்ளையடிக்காம விட்டதில்லீங்க."

"ஏனுங்க, உள்ளேயுமா?" என்றேன்.

"உள்ளதானுங்க நொம்பக் கரி."

"ஆபீசரு பாக்க வாரதே அந்தக் கரியத்தான்டா, வெளங்காதவனே," என்றார் என் பின்னால் வந்த, அந்தத் தொழிலாளியின் மகளான அம்மா. மேஸ்திரியின் சிரிப்பு நின்றது.

அந்த அம்மா முந்தானையை நனைத்துச் சுவரைத் துடைத்தார். சுண்ணாம்போடு கரியும் கலைந்து வந்தது. மூன்றாவது முறை துடைக்கப் போனபோது நான் தடுத்தேன்.

பத்தரைக்கு ஜீப் வந்தது. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். நான் முன்பே செல்போனில் எடுத்து வைத்திருந்த பெயர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், நான் இங்க நேர்ல பார்த்ததைத்தான் எழுத முடியும்."

"நான் பாத்திருக்கறனே சாமி. பொறந்ததுலருந்து பாக்கறன். அத எழுதிக்குங்க," என்றார் அந்த அம்மா.

"அதுக்கு இந்த ஃபாரத்துல இடமில்லீங்கம்மா."

அதிகாரி படிவத்தை ஜீப்பின் பானெட்டில் வைத்து நிரப்பினார். 'காணப்படும் சான்றுகள்' என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.