அப்பீலில் ஜெயித்த கல்யாணம்

விசா விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற தொழிலில், விசா கிடைத்தால் சாமி புண்ணியம், கிடைக்காவிட்டால் நாம் போட்ட விண்ணப்பம் சரியில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என்னுடைய பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பத்திரிகை வைக்காத ஆள்

வனஜா திருமுக்கூடல் பெண். கணவர் சேகர் லண்டனில் ஓட்டல் சமையல்காரர். அங்கேயே நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவர். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போனார். வனஜாவும் அங்கே போக நான்தான் விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். இருவரும் நிஜமான கணவன் மனைவிதானா என்று விசா அதிகாரிக்குச் சந்தேகமாம். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, வனஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா வேலாயுதம் மெதுவாகக் கேட்டார்:

"ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போச்சேம்மா. அந்த அதிகாரிக்கு மட்டும் பத்திரிகை வைக்காம வுட்டுட்டமா?"

ஏறிய விதி

அப்பீல் இழுக்கும், புதிதாகவே போட்டுவிடலாமா என்று வனஜா கேட்டாள். சேகர் அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். இதற்குள் விதி மாறிவிட்டதாம். மனைவியை அழைத்துக்கொள்கிறவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள். புதிதாகப் போட்டால் புது விதி. சேகர் சம்பளம் எட்டாது. பழைய விண்ணப்பத்துக்காக அப்பீலில் போராடினால்தான் பழைய விதி. அதில் தோற்றால் அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சேகர் புலம்பினார்:

"நான் அதே அடுப்பாண்டதான் நின்னுகினு கீறேன்க்கா. ரூல்தான் ஏறிக்கினே போவுது."

அந்த மூன்று வார்த்தை

அப்பீலுக்காக இருவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. புருஷன் பெண்டாட்டி பேச்சை மூன்றாம் மனுஷி படிப்பது சங்கடம்தான். வனஜா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்த மாதிரி ஒன்றுமில்லை. சாப்ட்டியா, மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுதா, குளிருதா, மஃப்ளர் கட்டிக்கோ, தனியா அழாத.

லண்டனில் விசாரணை நடந்த அன்று வனஜா என் சென்டரிலேயே காத்திருந்தாள். முடிந்ததும் சேகர் கூப்பிட்டார். இத்தனை செய்தியில் ஒரு இடத்தில்கூட 'ஐ லவ் யூ' இல்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாராம். இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம், கண்தான் கலங்கிவிட்டதாம். அதைக் கேட்ட வனஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது:

"அத்த எழுதி வேற காட்டணுமாக்கா? மஃப்ளர் கட்டிக்கோன்னு ரோட்ல போறவன்கிட்டயா சொல்லுவேன்?"

எதற்கு இனிப்பு?

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இது நிஜமான திருமணம்தான் என்று நீதிபதி எழுதியிருந்தார். சேகர் பேச முடியாமல் நின்றதையும் ஒரு வரியில் குறித்திருந்தார். பிறகு விசாவும் வந்தது. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வனஜா நேரே சென்டருக்குத்தான் வந்தாள். ஸ்வீட் டப்பாவை என் மேசைமேல் வைத்தவள், திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டோம்னு வாங்கினு வந்துட்டேன்க்கா. எம்புருஷன் எனக்குப் புருஷன்தான்னு ஜெயிச்சதுக்கு, இன்னான்னு சொல்லி ஸ்வீட் குடுக்கறது?"

ஆக, தாலி கட்டுவது மாப்பிள்ளைதான் என்றாலும், அது கல்யாணம்தான் என்று சொல்ல எங்கள் தொழிலில் கடல் தாண்டி ஒரு நீதிபதி தேவைப்படுகிறார்.