கோட்டைச்சாமி வரைந்த புழு

உத்தமபாளையத்தில் கடைச் சுவர்களிலும் லாரிகளிலும் படம் எழுதும் கோட்டைச்சாமிக்குப் புழு பூச்சி என்றாலே குமட்டும். சிறு வயதில் வீட்டு வெள்ளாட்டின் காது புண்ணாகி உள்ளே புழு வைத்துவிட்டது. அம்மா வேப்பெண்ணெய் ஊற்றி ஒவ்வொன்றாக எடுத்துப் போட, ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இவர் அதன் முதுகிலேயே வாந்தி எடுத்தார். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். கத்திரிக்காய் நறுக்கும் இடத்தில் இன்றும் உட்காருவதில்லை.

அவரிடம்தான் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பவானி வந்தார். காய்கறிச் சந்தையின் முன்சுவரில் பூச்சிகளை வரைய வேண்டும், பார்க்கிறவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு மதிப்பு வர வேண்டும் என்றார். பட்டாம்பூச்சி, தேனீ என்று நினைத்துக் கோட்டைச்சாமி ஒப்புக்கொண்டார். பவானி கூட்டிப்போனதோ சந்தையின் பின்வாசலை ஒட்டிய குப்பைக்குழிக்கு. அழுகிய திராட்சைக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவே புழுக்கள். குழியே கொதிப்பதுபோல் இருந்தது.

“குப்பையைத் தின்னு உரமாக்குற கறுப்பு ஈயோட புழு. முதல்ல இதை வரைங்கண்ணே.”

“போட்டோ இருந்தா குடுங்க டீச்சர். பாத்து எழுதிடுறேன்.”

“போட்டோவுல எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். நேர்ல பாருங்க.”

துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு முறை ஓடிப்போய் வாந்தி எடுத்தார். சீக்கிரம் தொலைந்தால் போதும் என்றுதான் உற்றுப் பார்த்தார். குட்டிகள் மோர் நிறம், வளர்ந்தவை காப்பித்தூள் நிறம். உடம்பு முழுக்க வளையம் வளையமாக மடிப்பு, மடிப்பில் சன்னமாக மயிர்.

“அதைத் தொட்ட கையோட சோத்துக்கு உக்காராதீக,” என்றார் மனைவி ஜக்கம்மா. அவர் தொடவே இல்லை. ஆனாலும் தட்டில் இருந்த சோறு நெளிவதுபோல் தோன்ற, எழுந்துவிட்டார். சுவர் வேலை முடியும்வரை கேப்பைக்களிதான்.

ஆள் உயரத்துக்குச் சுவரில் எழுந்த புழுவின் முன்னால் தக்காளி விற்கும் கஸ்தூரியம்மாள் வெகுநேரம் நின்றார். புழு சாகட்டும் என்று அந்தக் குழியில் அவ்வப்போது பினாயில் ஊற்றுகிறவர் அவர்தான்.

“இது அங்கன குழியில கெடக்குறதா? இம்புட்டு நேர்த்தியாவா இருக்கு?”

அதன்பிறகு அவர் பினாயில் ஊற்றவில்லை. தன் கடையின் அழுகல் தக்காளியையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினார்.

திறப்பு விழாவில், பூச்சிகளை நேசிக்கும் ஓவியர் என்று ஒருவர் புகழ்ந்து மைக்கைக் கொடுத்தார்.

“நேசமெல்லாம் கெடையாதுங்க,” என்றார் கோட்டைச்சாமி. “எனக்கு அருவருப்பு. இப்பவும் ஒடம்பு கூசுது. ஆனா அது பாட்டுக்கு அதோட வேலையைப் பாக்குது. அதை அசிங்கமா எழுத எனக்குக் கை வரல.”

கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பவானி மட்டும் தட்டினார்.

அடுத்து அல்லிநகரத்தில் ஒரு பள்ளிச் சுவருக்குச் சாணி வண்டு கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு துண்டில் கற்பூரத்தை முடிந்துகொண்டு போனார்.

சந்தைப் புழுவோடு இப்போது ஆட்கள் நின்று செல்பி எடுக்கிறார்கள். முன்வாசலில் அந்தச் சுவர், பின்வாசலில் அந்தக் குழி. கோட்டைச்சாமி காய் வாங்கப் போவதையே விட்டுவிட்டார். ஜக்கம்மாதான் போய் வருகிறார்.