திரையில் ஒன்றும் வரவில்லை, சார்

நெட்வொர்க் சர்வீஸ் என்பது, எதுவுமே வராத ஒரு கறுப்புத் திரையைப் பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் புரிந்ததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

கன்சோல் கேபிளோடு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரூட்டர் என்பது ஆபீசுக்குள் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது மயங்கி விழுந்துவிட்டால் நெட்வொர்க் வழியாக அதோடு பேச முடியாது. பெட்டியின் முதுகில் ‘கன்சோல்’ என்று ஒரு ஓட்டை இருக்கும். அதில் நீலக் கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் சேர்த்து, நேருக்கு நேர் கேட்க வேண்டும், உனக்கு என்னதான் செய்கிறது என்று. பெரும்பாலும் அது பதில் சொல்லாது.

என் பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்தபோது விருதுநகரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக் காலம். மதுரையில் இருக்கும் சீனியர் பாஸ்கர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: நான் போன இடத்துக்கு அவரும் கிளம்பி வரும்படி மூன்று தடவை நடந்தால், மூன்றாவதோடு வேலை முடிந்தது. நானோ கான்வென்டில் படித்தவள். பதில் தெரியாவிட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்ளத்தான் பன்னிரண்டு வருடம் பழகியிருந்தேன். பாப்பா தூங்கிய பிறகு இதை எழுதும்போதுகூட, யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது.

எந்த ஓட்டை?

முதல் இடம், விருதுநகரில் ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடை. கேபிளைச் செருகினேன். திரை கறுப்பு. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கறுப்பு. கேபிளை உருவி, ஊதி, துப்பட்டாவால் துடைத்துச் செருகினேன். அப்போதும் கறுப்பு. கடைக்கார பாய் இரண்டாவது டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டார். டீ குடிக்கக் குடிக்க எனக்கு வேர்வைதான் கூடியது.

கடைசியில் பாஸ்கர் சாரைக் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். என் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் குத்தினார். திரையில் எழுத்து வந்துவிட்டது. கன்சோல் ஓட்டையும் சாதாரண நெட்வொர்க் ஓட்டையும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும் என்பது உங்களில் எத்தனை பேருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது, சொல்லுங்கள்? பாய்தான் கேட்டார்:

“ஏம்மா, இங்கன இருந்து அங்கன மாத்திக் குத்தவா சாரு மதுரையில இருந்து வந்தாக?”

கிறுக்கெழுத்து

அடுத்தது சிவகாசியில் ஒரு அச்சகம். காலண்டர் சீசன். இந்தத் தடவை ஓட்டையை மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் செருகினேன். செருகியதும் திரை நிறைய எழுத்து! சந்தோஷத்தில் பாதி எழுந்துவிட்டேன். குனிந்து படித்தால் கட்டம், கேள்விக்குறி, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏதோ வெளிநாட்டு எழுத்து. ஒரு வார்த்தைகூட இந்த உலகத்து வார்த்தையில்லை. பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, “ரூட்டர் போச்சு சார்” என்று மதுரைக்குச் சொல்லிவிட்டேன்.

பாஸ்கர் சார் இரண்டாவது முறையாக வந்தார். லேப்டாப்பும் ரூட்டரும் ஒரே வேகத்தில் பேசிக்கொள்ள வேண்டுமாம். வழக்கமான வேகம் 9600. இந்தப் பெட்டியில் யாரோ 115200 என்று மாற்றி வைத்திருந்தார்கள். நான் நிதானமாகக் கேட்க, அது கடகடவென்று கொட்டியிருக்கிறது. அவர் ஒரு எண்ணை மாற்றினார், எழுத்தெல்லாம் ஒழுங்காக நின்றது. “இன்னும் ஒண்ணுதாம்மா பாக்கி” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அச்சக ஃபோர்மேன் எனக்கு ஆறுதல் சொன்னார்:

“நான் அப்பவே நெனச்சேன் மேடம், ஃபாண்ட் ஏத்தலையோன்னு. எங்களுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகை ஃபைலெல்லாம் இப்படித்தான் வந்து நிக்கும்.”

சொல்லும், கேட்காது

காரியாபட்டி உரக்கடையில் ஓட்டையும் சரி, வேகமும் சரி. ரூட்டர் தன் கதையை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனது. நான் தட்டுவது மட்டும் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. முதலில் மெதுவாகத் தட்டினேன். பிறகு ஓங்கித் தட்டினேன். பிறகு பழக்க தோஷத்தில் அதனிடம் “சாரி” என்றேன்.

மதுரைக்குப் போன் போட்டால் மூன்றாவது. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். லேப்டாப்பில் இருந்த செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதை நோட்டில் குறித்து, சரிவராததைப் பழையபடி வைத்து ஒரு மணி நேரம் போராடினேன். ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்ததும் நான் அடித்த எழுத்தெல்லாம் ஏறியது. அது ஏன் அங்கே இருந்தது, எடுத்ததும் ஏன் சரியானது, அன்றைக்கு எனக்குத் தெரியாது. கடைக்காரரின் மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“தாயி, அந்த டிக்கை எங்க வீட்டுக்காரருக்கும் எடுத்து விட்டுட்டுப் போங்க.”

தீக்குச்சி

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலை. தீபாவளி லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. இன்டர்நெட் இல்லாமல் பில் வராது, பில் இல்லாமல் லாரி நகராது. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று ஒரு செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். கையை எடுக்கத் தைரியம் வரவில்லை. வெடிமருந்து இருக்கும் அறைகள் தள்ளித்தான் இருக்கின்றன, ஆபீசில் லேப்டாப் வைக்கலாம் என்று எவ்வளவோ சொன்னார்கள். எனக்குப் பாப்பா முகம்தான் கண் முன்னால் நின்றது.

திரை கறுப்பு. ஓட்டை, வேகம், டிக், நான் கற்றது அத்தனையும் பார்த்தேன். கறுப்புதான். மேசையில் லேண்ட்லைன் இருந்தது. எடுத்தால் வேலை போச்சு, எடுக்காவிட்டால் லாரி நிற்கும். எடுக்கக் கை நீட்டியபோதுதான் கன்சோல் ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஆபீசில் பில் போடும் செல்வி அக்காவைக் கேட்டேன். “சந்தனம்மா. பூசைக்கு எல்லா மிசினுக்கும் வெச்சோம்ல? இந்தப் பெட்டியில எல்லா ஓட்டையிலயும் வயரு. இது ஒண்ணுதான் சும்மா கெடந்துச்சு, நல்லா நிக்குமேன்னு அதுல வெச்சேன்” என்றார்.

பெட்டியை அணைத்தேன். காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட வேண்டுமே என்ற ஒரே யோசனையில், “ஒரு தீக்குச்சி கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டேன். ஆபீசே அப்படியே நின்றது. ஆலை ஃபோர்மேன் அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்:

“மேடம், நாங்க சாமிக்குச் சூடமே கேட்டுக்கு வெளியதான் காட்டுறோம். நீங்க உள்ள வந்து தீக்குச்சி கேக்குறீக!”

ஆரம்பிக்கலாமா?

விளக்குமாற்று ஈர்க்கில் பஞ்சைச் சுற்றித் துளித்துளியாக எடுத்தேன். பெட்டியைப் போட்டதும் திரையில் வார்த்தை வந்தது. ஆரம்ப அமைப்பைத் தொடங்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. புதுப் பெட்டி கேட்கிற கேள்வி அது. உள்ளே இருந்த செட்டிங் ஒன்றுகூட இல்லை. ஈர்க்கை விட்டுக் கிண்டி நான்தான் அழித்துவிட்டேன் என்று நினைத்து, ஈர்க்கை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

“பூசைக்குன்னு, கரண்ட் போனாலும் இத ஓட வெக்கிற பேட்டரியையும் சேத்து அணைச்சோம். இது வந்ததுல இருந்து இப்பத்தான் மொதத் தடவை அணைச்சது” என்றார் செல்வி அக்கா. அப்போதுதான் புரிந்தது. பெட்டியை மாட்டியவர் எல்லாம் செய்துவிட்டு, சேமிக்கும் கட்டளையை மட்டும் அடிக்காமல் போயிருக்கிறார். அணைத்ததும் பெட்டி அத்தனையையும் மறந்துவிட்டது. ஃபைலில் செட்டிங் எழுதிய தாள் இருந்தது. பார்த்துப் பார்த்து அடித்தேன். சேமித்தேன். நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு தடவை சேமித்தேன். பில் வந்தது, லாரி கிளம்பியது. தாளின் அடியில் மாட்டியவரின் கையெழுத்தைப் பார்த்தேன். பாஸ்கர்.

லேண்ட்லைனை எடுத்தேன். நீங்கள் வர வேண்டாம் சார் என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கான்வென்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ரிப்போர்ட்ல சந்தனம்னு மட்டும் எழுதுங்கம்மா. உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர நான் திங்கக்கிழமையே அனுப்பிடுறேன்.”

வேலை தெரிந்ததால் எனக்கு வேலை நிலைத்ததா, பாதியை எழுதாமல் விட்டதால் நிலைத்ததா என்பது, எந்தக் கேபிளைச் செருகியும் இன்னும் எனக்குப் பதில் வராத கேள்வியாகவே இருக்கிறது.