மருமகன் மாற்றிய செயின்

என் சின்ன மருமகனுக்குத் தொழில் பூட்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரில், செருப்புக் கடையின் மாடிப்படிக்கு அடியில் உள்ள முக்கோண இடம்தான் அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் வருகிறவர்களை உட்கார்ந்தபடியே வரவேற்பார். இதைப் பார்த்து அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தவர்களும் உண்டு. சாவி தொலைத்து வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். எந்தப் பூட்டையும் உடைக்கமாட்டார். கம்பியை உள்ளே விட்டுக் காதைச் சாய்த்து, "என்ன கோவம்? சொல்லு, சொல்லு" என்று அதனிடம் பேசுவார். அது திறந்துகொள்ளும்.

வண்டி அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. "எனக்கு மூத்தவ" என்பாள் என் சின்ன மகள். மூத்தவளுக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்து, பல வருடம் பின்சீட்டில் வாய் திறக்காமல்தான் உட்கார்ந்து வந்தாள். பொறுமை போனது அக்கா வீட்டு மேட்டில்.

என் பெரிய மகள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. கடைசித் திருப்பம் செங்குத்து. போன முறை அந்தத் திருப்பத்தில் வண்டி 'டடக், டடக்' என்று சத்தம் போட்டது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. சின்னவள் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். பெரியவள் மாடியில் நின்று பார்த்துவிட்டு, "தங்கச்சி, பெட்ரோல் போட்டு வந்தியா, சோறு சாப்பிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்றே சின்னவளிடமிருந்து தீர்ப்பு வந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மேட்டுல ஒரு தடவை வழுக்கினாலும், திங்கட்கிழமை வண்டிய வித்துடணும். சரியா?"

மருமகன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் சாக்கை விரித்து வண்டியை நிறுத்தினார். எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. எஞ்சினிலிருந்து செயினை இழுக்கும் முன் பல்சக்கரம் இருக்கிறதே, சின்னது, அதன் பற்கள் தேய்ந்து கூராகி, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. செயினும் நீண்டுபோயிருந்தது, பல்லின் மேல் உட்காராமல் ஏறி ஏறிக் குதித்திருக்கிறது. பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தைப் பல் பல்லாக விரலால் தடவினார். அது நன்றாகவே இருந்தது. சத்தத்தை வைத்தே ஊகித்து, சின்னச் சக்கரமும் புதுச் செயினும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நானும் பற்களை எண்ணிச் சரிபார்த்தேன். இரண்டிலும் பதினான்கு.

பழைய செயினின் இணைப்புக் கிளிப்பை நெம்பிக் கழற்றினார். செயின் சாக்கின் மேல் சுருண்டு விழுந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டின் கீழே ஒரு மெல்லிய தகடு, நட்டு தானாகக் கழலாமல் இருக்க மடக்கிவிடப்பட்டிருந்தது. அதை உளியால் நிமிர்த்தினார். நீளக் கைப்பிடி ஸ்பேனரைப் போட்டு இழுத்தார்.

நட்டு சுழன்றது. கூடவே சக்கரமும் சுழன்றது. கியரைப் போட்டு இழுத்தால் எஞ்சினும் சேர்ந்து சுழன்றது. துணியைச் சுற்றிக் கையால் பிடித்துப் பார்த்தார். குனிந்து காதைச் சாய்த்து, "சொல்லு, சொல்லு" என்றார். அது ஒன்றும் சொல்லவில்லை.

"ஊர்ப் பூட்டெல்லாம் திறக்கிறவருக்கு ஒரு நட்டு திறக்கலையாம்" என்று கதவருகே சின்னவள் குரல் வந்தது. "பழைய இரும்புக்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு. கூப்பிடவா?"

"கொஞ்சம் சும்மா இரேம்மா" என்றேன் நான்.

அப்போது பெரியவளிடமிருந்து போன் வந்தது. சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து பேசினாள். "அவரா? செயின் மாத்துறார்க்கா. பழசு ரொம்பத் தேஞ்சு போச்சு... ஆமா, புதுசுதான்... நல்லா கனமாத்தான் வாங்கியிருக்கார்... நாளைக்கு வர்றப்போ பாரேன்." அந்தப் பக்கம் பெரியவள் "அடேயப்பா!" என்றது எனக்கே கேட்டது.

மருமகன் சாக்கில் கிடந்த செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரீஸ் அப்பிக்கொண்டது.

"மாமா, பூட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி கதவைக் கழட்டிட்டேன்."

"புரியலையே மாப்பிள்ளை."

"செயின் இருந்தாத்தானே இந்தச் சின்னச் சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் கட்டிப் போடும்? பின்பிரேக்கை மிதிச்சா எல்லாமே நிக்கும். நட்டு மட்டும் திரும்பும். அவசரப்பட்டு செயினை முதல்லயே கழட்டிட்டேன்."

பழைய செயினையே மறுபடி மாட்டினார். பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. இருவரும் வாசற்படியைப் பார்த்தோம்.

"விக்கப்போற வண்டிக்கு நான் எதுக்கு பிரேக் மிதிக்கணும்?" என்றாள். சொல்லிக்கொண்டே செருப்பை உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "மிதிச்சாச்சு. இழுங்க. சோறு தின்ன பலமெல்லாம் எங்க போச்சு?"

இழுத்தார். 'கடக்' என்று நட்டு விட்டுக்கொடுத்தது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. புதுச் சக்கரத்தை ஏற்றி, புதுச் செயினை மாட்டி, அவள் மறுபடி பிரேக்கை மிதிக்க, நட்டை இறுக்கித் தகட்டின் ஓரத்தை மடக்கினார். கடைசியில் இணைப்புக் கிளிப். அதற்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும்.

"மூடின பக்கம் செயின் ஓடுற திசையில போகணும். வாய் பின்னாடி இருக்கணும். மாத்திப் போட்டா எதுலயாவது இடிச்சுக் கழண்டுடும்" என்று எனக்கு விளக்கினார்.

"உங்களுக்கும் அதையேதான் சொல்றேன்" என்றாள் என் மகள். "வாயை மூடிட்டு முன்னாடி போங்க."

மறுநாள் நான் பஸ்ஸில் முன்னதாகவே பெரியவள் வீட்டுக்குப் போய்விட்டேன். பெரியவள் காலையிலிருந்து தங்கையைத்தான் எதிர்பார்த்தாள். பெரிய மருமகனிடம், "பாருங்க, உங்க சகலை பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கிறார்" என்று இரண்டு முறை சொன்னதும் என் காதில் விழுந்தது. என்ன என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை, மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்தது. மருமகன் கியரைக் குறைத்தார். சின்னவள் அவர் தோளை இறுகப் பற்றியிருந்தாள். நான் 'டடக்' சத்தத்துக்காகக் காதைச் சாய்த்தேன். வரவில்லை. ஒரே சீரான உறுமலோடு ஏறி வாசலில் வந்து நின்றது.

பெரியவள் ஓடிப்போய்த் தங்கையின் முந்தானையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கடி செயின்?"

"வண்டியில இருக்குக்கா."

"அறிவிருக்கா உனக்கு? கழுத்துல போடாம வண்டியில வச்சுட்டு வந்திருக்க! எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"எப்படிக்கா தூக்குவான்? மூடின பக்கம் முன்னாடி பாத்து லாக் பண்ணியிருக்கு. நான்தானே பிரேக் மிதிச்சேன்."

பெரியவள் வண்டியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் புரிந்துகொண்டவர் பெரிய மருமகன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சகலை, நீங்க பிழைச்சீங்க. நேத்து ராத்திரியிலிருந்து எனக்குத்தான் திட்டு. இனிமே நானும் இந்தக் கடையிலயே செயின் வாங்கிடறேன்."

"கிரீஸோட குடுப்பாங்க" என்றார் பூட்டுக்காரர்.

"இந்தக் கடகட வண்டிக்குப் போட்டதுக்கா இவ்வளவு பெருமை?" என்று பெரியவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"கடகடங்காதே" என்றாள் சின்னவள். "ஒரு சத்தம் கேட்டுச்சா? உன் செயின் கழுத்துல சும்மா கிடக்கு. என் செயின் என்னை மலை ஏத்திட்டு வந்திருக்கு."

திரும்பும்போது மருமகன் வண்டியைக் கிளப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ திங்கட்கிழமை?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "திங்கட்கிழமை கடைக்குப் போக வேண்டாமா? நடந்தா போவீங்க?"

மேட்டில் இறங்கும்போது அவள் அவர் தோளில் லேசாகக் கை வைத்திருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.