அவள் தாடையில் எடுத்த எலும்பு

பதினோரு வருடங்களுக்கு முன், குமாரபாளையத்தில் நானும் என் மனைவியும் ஓட்டிக்கொண்டிருந்த விசைத்தறியிலிருந்து, ஊடைநூலைச் சுமந்து ஓடும் மரநாடா துள்ளி வந்து அவள் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போயின. நாடாவை அடித்துத் தள்ளும் தோல்வார் தேய்ந்திருந்தது எனக்குக் காலையிலேயே தெரியும். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கழற்றி மாட்டும் பல் அவளுக்குக் குமட்டியது. பல் இல்லாமலேயே இருந்துவிட்டாள். போன வருடம் மகள் போனில் எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை.

"சேலத்துல ஒரு டாக்டரம்மாகிட்டக் காட்டலாமா புள்ள?" என்றேன்.

"இத்தன வருசங் கழிச்சுங்களா?" என்றாளே தவிர, மறுநாள் எனக்கு முன்பே கிளம்பி நின்றாள்.

டாக்டர் இளம்பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லு இல்லாத இடத்துல எலும்பு கரைஞ்சு மெலிஞ்சுபோச்சும்மா. இம்ப்ளாண்ட்னு எலும்புல திருகி வைக்கிற பல்லுவேர் போட்டா நிக்காது. முதல்ல எலும்பு வச்சு வளர விடணும். எலும்புத்தூள் இருக்கு, ஆனா அது மாட்டெலும்புல செய்யறது."

"அது வேண்டாமுங்க," என்றாள் மனைவி.

"எங்கிட்ட கொஞ்சம் எடுத்துக்குங்க டாக்டர்," என்றேன் நான், யோசிக்காமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மாவோட கீழ்த்தாடையிலயே எடுக்கலாங்கய்யா. சொந்த எலும்பு நல்லா ஒட்டும்."

திரும்பும் பஸ்ஸில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பஸ்ஸில் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.

கடைவாய்க்குப் பின்னாலிருந்து சிறு வில்லையாக எலும்பெடுத்து, முன்பக்கம் பதித்து, குட்டித் திருகாணியால் இறுக்கி ஈறைத் தைத்தார்கள். கன்னம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. நான் ராகிக்கூழை ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்துக் கொடுப்பேன். எலும்பெடுத்ததில் கீழுதடு மரத்துப்போயிருந்ததால் கூழ் வழிவது அவளுக்குத் தெரியாது. துண்டு நுனியால் துடைத்துவிடுவேன். நான்காம் நாள் அப்படித் துடைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அந்த வாரு தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும் புள்ள."

அவள் வாயை அதிகம் அசைக்காமல் பேசினாள். "எனக்குந்தா தெரியுமுங்க. சொன்னா தறிய நிறுத்தோணும்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

நான் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

"அழுவாதீங்க. எனக்குச் சிரிப்பு வருது, தையல் பிரிஞ்சுரும்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், டீ டம்ளரை வாயில் வைத்தவள், "ஏனுங்க, ஒதடு சுடுதுங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்து ஓடிவந்தார்கள். உணர்வு திரும்பிவிட்ட சந்தோஷம் அது என்று அவர்களுக்கு விளக்குவதற்குள் டீ ஆறிப்போனது.

ஐந்தாம் மாதம் ஈறைத் திறந்தபோது, வைத்த எலும்பு பழைய எலும்போடு ஒன்றாகியிருந்தது. அதில் இம்ப்ளாண்ட் பதித்து மறுபடி காத்திருந்தோம். பல் மாட்டிய அன்று அவள் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து டாக்டரின் கன்னத்தைத் தடவி, "நல்லா இருக்கோணுஞ் சாமி," என்றாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு கன்னத்தைத் தடவிய அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.