முதிரப்புழைக் கரையில் பித்தளைத் தகடு

எலப்புள்ளியிலிருந்து காலை ஐந்தரை மணிப் பேருந்தில் புறப்பட்டேன். 1954, தை மாதம். மடியில் ஒரு தூக்கு நிறைய அதிரசம், பையில் ஒரு பச்சைப் பட்டுச் சேலை. மூணாறுக்குப் பக்கத்துத் தேயிலை ஊரான பள்ளிவாசலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வள்ளியாத்தாளுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். அழைத்து வருவது அண்ணன் வேலை. "அவ இல்லாம நீ மட்டும் வந்து நிக்காதே" என்று அப்பா வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

பொள்ளாச்சியில் இறங்கி, உடுமலைப்பேட்டையில் மாறி, மூணாறு பேருந்தில் ஏறும்போது மணி பத்து. ஐம்பத்துச் சொச்சம் மைலுக்கு இரண்டே கால் ரூபாய் டிக்கெட்.

"சீரு கொண்டுட்டுப் போறீங்களாக்கும்?" என்றார் நடத்துனர்.

"ஆமாங்க. தங்கச்சியக் கூட்டிட்டு வரோணும்."

"அப்ப நாளான்னிக்கு முன் சீட்டு ஒண்ணு ஒதுக்கி வெக்கறனுங்க. வளைவுல புள்ளத்தாச்சிக்குத் தூக்கிப் போடாது."

அப்போது எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. சின்னாறு தாண்டினால் திருவிதாங்கூர்-கொச்சி. சாவடியில் தூக்கைத் திறந்து பார்த்த காவலர் ஓர் அதிரசத்தைச் சோதித்தார். சந்தேகம் தீரவில்லை போலும், இரண்டாவதையும் சோதித்தார். மறையூர் தாண்டியதும் காற்று மாறியது. அந்தத் தேயிலை வாசனையும் குளிரும் சேர்ந்த காற்றை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை சென்னியப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். காலை எட்டு மணிக்கு, "மச்சான், ஆத்துக்குப் போலாமுங்களா?" என்று ஒரு தூண்டில் நூல்கண்டோடு வந்து நின்றார். தங்கையும் கிளம்பினாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எதற்கு என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

முதிரப்புழை அங்கே பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மின் நிலையத்துத் தண்ணீரும் வந்து சேர்வதால் வேகம் சொல்லி முடியாது. புழு எங்கே என்று கேட்டேன். மாப்பிள்ளை விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகட்டைக் காட்டினார். உடைந்த சாமானை அரத்தால் ராவி, முதுகில் ஈயம் ஊற்றி, வாலில் தூண்டில் முள் மாட்டியிருந்தார். அந்த இழுப்பில் புழு நிற்காதாம். கனமான தகடு அடிவரை இறங்குமாம். சுண்டி இழுத்தால் சின்ன மீன் தப்பி ஓடுகிறது என்று பெரிய மீன் ஏமாந்து கவ்வுமாம்.

தகட்டை வாங்கி எறிந்தது வள்ளியாத்தாள். அப்பா முன்னால் குரல் எழும்பாத பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூலைச் சுழற்றி நீரோட்டத்துக்கு மேற்புறமாக வீசி, தகடு ஆற்றின் அடியைத் தட்டும்வரை பொறுத்து, சுண்டினாள். நான் வாய் பிளந்து நின்றேன்.

எனக்கும் ஆசை வந்தது. ஐந்தாறு வீச்சுகளில் ஒன்றும் இல்லை. அப்புறம் திடீரென்று கையைப் பிடுங்கினாற்போல ஓர் இழுப்பு. மிரளும் காளையின் கயிற்றைப் பிடித்த பழக்கத்தில் நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். நூல் தோலை அறுத்தது.

"சுத்தாதீங்கண்ணா! உட்ருங்க! ஓடட்டும்!"

அவளே நூலை வாங்கினாள். விட்டுப் பிடித்து, கரையோரமாகவே நடந்து, ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் சும்மா கிடந்த இடத்துக்கு மீனைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அள்ளித் தூக்கினார். செம்பு நிறம், ரூபாய் அகலச் செதில். குயில் மீன் என்று அங்கே சொல்கிறார்கள். நாலு ராத்தல் இருக்கும்.

அவர் மீனைக் கழுவப் போனதும், "நாளைக்கிக் காலைல பஸ்ஸு, அம்மிணி" என்றேன். தண்ணீர் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன்.

"நான் வல்லீங்கண்ணா!" என்று அவளும் கத்தினாள்.

"ஏன்?"

"அந்த உள் ரூம்லதான அம்மா போனாங்க! தம்பியப் பெத்துக் குடுக்க முடியாம! நான் சுடுதண்ணியோட கதவுக்கு வெளிய நின்னேன்! அந்த ரூம்ல என்னால படுக்க முடியாதுங்கண்ணா! இங்க ஆஸ்பத்திரி இருக்குது!"

பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் முணுமுணுத்துக்கூடச் சொல்லாத விஷயம். நாங்கள் எல்லாரும் அந்த அறையில் நெல் மூட்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று கத்தினேன்.

மறுநாள் தனியாகத்தான் திரும்பினேன். நடத்துனர் முன் சீட்டைக் காட்டினார். வேண்டாமென்று தலையசைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மறையூர் வந்தது, சின்னாறு வந்தது, அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்பது மட்டும் வரவில்லை. எங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். எங்கள் ஊரில் எதையும் மெதுவாகத்தான் சொல்லியாக வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடு சேர்ந்தேன். அப்பா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து போய் அந்த உள் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சாத்தினார்.

எலப்புள்ளியை விட்டு மலை ஏறியே அறியாத மனிதர் திரும்பி வந்து கேட்டார்: "அந்த ஊர்ல குளுருமாமே, நான் போனா எனக்கொரு கம்பிளி வேணுமாடா?"